சிகாகோப் போலந்தியருக்கு வார்சா வானொலி மட்டும் போதாது

சிகாகோவின் வடமேற்கில், எங்கள் பக்கத்து வீட்டுப் போலந்து அம்மையாரின் சமையலறையில் காலை முதல் உள்ளூர்ப் போலந்து மொழி வானொலி ஒலித்துக்கொண்டே இருக்கும். சென்ற மாதம் அவருடைய பேரன், "வார்சா வானொலியையே கைப்பேசியில் கேட்கலாமே பாட்டி, இந்த உள்ளூர் நிலையம் எதற்கு?" என்று கேட்டான். விவரம் தெரிந்தவர்கள் பலரும் கேட்கிற கேள்விதான் இது. ஆனால் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அம்மையாரின் கணவர் ஷ்செப்ஜெஷின் என்ற ஊரில் பிறந்தவர். போலந்தியரே நாப்பழக்கத்துக்குச் சொல்லிப் பார்க்கும் பெயர் அது. அவர் இறந்தபோது மருத்துவமனையிலும் ஈமச்சடங்கு நிலையத்திலும் ஒருவராலும் அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. மறுநாள் உள்ளூர் நிலையத்தின் மரண அறிவித்தலில் அந்தப் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒலித்தபோது, அம்மையார் அடுப்பை அணைத்துவிட்டுக் கைகட்டி நின்று கேட்டார். ழகரம் உள்ள பெயரோடு இந்த நாட்டில் காலம் தள்ளும் எனக்கு அதன் அருமை நன்றாகவே புரிந்தது.

கிராக்கோவ் மரியன்னை ஆலயக் கோபுரத்து எக்காள இசையை வார்சா வானொலி 1927 முதல் நண்பகலில் ஒலிபரப்பி வருகிறது. அது போலந்தின் சொத்து. ஆனால் சிகாகோப் போலந்தியரின் வரலாறு வார்சாவில் நடந்தது அல்ல. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டதால் தங்கள் நாடே வரைபடத்தில் இல்லாதிருந்த காலத்தில், இறைச்சிக்கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலை தேடி வந்த குடியானவர்கள் முதல் அலை. லுவோவ் போன்ற ஊர்கள் 1945-க்குப் பின் சோவியத் எல்லைக்குள் போய்விட, திரும்பிச் செல்ல வீடில்லாதவர்கள் அடுத்து வந்தார்கள். 1981 டிசம்பரில் போலந்தின் கம்யூனிச அரசு இராணுவச் சட்டம் கொண்டுவந்தபின், அந்த அரசை எதிர்த்த சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்தவர் வந்தார்கள். மூன்று தரப்பாரின் பேச்சும் வேறு, இசை விருப்பமும் வேறு. போல்கா இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவில் தோன்றிய நடனம், அது எங்கள் இசையே அல்ல என்று பின்னால் வந்தவர்கள் முகம் சுளிப்பதுண்டு. நூறு ஆண்டுகளாக இங்குள்ள போலந்துத் திருமணங்களில் ஆடிய நடனம் இவர்களுடையது ஆகாமல் யாருடையது ஆகும்? போல்காவுக்கு ஒரு மணி நேரமும் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானுக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கும் நிலையம் சரியாகவே நடந்துகொள்கிறது என்பேன்.

1931-இல் பஃபலோ நகரில் யூஸ்டின் ஃபிகாஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி போலந்து மொழியில் 'ஜெபமாலை நேரம்' என்ற வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கிய நாளிலிருந்தே, இத்தகைய ஒலிபரப்பு இவர்களைக் கூட்டிச் சேர்த்து வந்திருக்கிறது.

கடந்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மையார் எங்கள் கதவைத் தட்டி, "வா, வா, உன் நாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்று அழைத்துப் போனார். வானொலியில் முதிய பெண் குரல். எனக்குப் புரியாத அந்தப் பேச்சில் "கோலாப்பூர்", "வலிவடே" என்ற சொற்கள் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தன. பேரன் மொழிபெயர்த்தான். 1940-இல் சோவியத் படையினர் கிழக்குப் போலந்திலிருந்து சைபீரியாவுக்கு நாடு கடத்திய குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. ஈரான் வழியாக இந்தியா வந்து, கோலாப்பூருக்கு அருகே 1943 முதல் 1948 வரை இயங்கிய வலிவடே முகாமில் சிறுமியாக வளர்ந்திருக்கிறார். பெண்களும் குழந்தைகளுமே மிகுந்திருந்த அந்த முகாமில் ஏறத்தாழ 5,000 போலந்தியர் இருந்தனர். முதன்முதலில் கையில் கிடைத்த மாம்பழத்தைத் தோலோடு கடித்ததைச் சொல்லிச் சிரித்தார். அடுத்து நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்த நேயர், தன் தாய் அதே முகாமின் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்றார். இருவரும் ஒரே நகரத்தில் வாழ்கிறவர்கள். வார்சாவிலிருந்து வரும் எந்த ஒலிபரப்பில் இது நடக்கும்?

அந்த உரையாடலின் பதிவு வேண்டும் என்று நிலையத்துக்கு எழுதினேன். பேச்சு நிகழ்ச்சிகளைச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று பதில் வந்தது. நிலையத்திடம் ஒலிபரப்பு நேரத்தை விலைக்கு வாங்கி, தொத்திறைச்சிக் கடைக்காரரிடமும் பயண முகவரிடமும் தாமே விளம்பரம் திரட்டி நிகழ்ச்சி நடத்தும் தொகுப்பாளர்களிடம் ஆவணக் காப்பகம் அமைக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் 1937-இல் திறக்கப்பட்ட அமெரிக்கப் போலந்து அருங்காட்சியகம் இதே நகரத்தில், மில்வாக்கி அவென்யூவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வரலாற்று நிகழ்ச்சியின் ஒரு பிரதியாவது அங்கே போய்ச் சேர வேண்டும். வலிவடேயில் சிறுமியாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது.