ரத்தத்தில் நெகட்டிவ் என்றால் மாற்றம் இல்லை என்று ஆகாது
நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் (EGFR) என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று ரத்தத்திலும் பார்ப்பார்கள்; இருந்தால் அதற்கென உள்ள மாத்திரையைத் தரலாம். "ரத்தத்தில் இஜிஎஃப்ஆர் நெகட்டிவ், இனி பயாப்ஸி (திசு எடுத்துப் பார்ப்பது) வேண்டாம், நேராகக் கீமோதான்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. தயவுசெய்து யாரும் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ரத்தத்தில் தேடுவது, கட்டி செல்கள் சாகும்போது சிதறும் டிஎன்ஏ துணுக்குகளை. கட்டி சிறியதாக இருந்தாலோ, பரவல் மூளையில் மட்டும் இருந்தாலோ, அவை போதிய அளவு ரத்தத்துக்கு வராது. திசுவில் மாற்றம் உள்ளவர்களிலேயே ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு ரத்தத்தில் தப்பிவிடுகிறது. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கான முதல் ரத்தச் சோதனையை அனுமதித்தபோதே, நெகட்டிவ் வந்தால் திசுவில் பார்க்கச் சொன்னது.

மாதிரியிலும் கோட்டை விடுகிறார்கள். ஊதா மூடி இடிடிஏ குழாயில் (ரத்தம் கட்டாமல் காக்கும் சாதாரணக் குழாய்) எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, பிரித்தாக வேண்டும். ராத்திரி முழுக்கக் கூரியரில் கிடந்தால் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ கலந்துவிடும். கட்டியின் பங்கு சோதனைக்கு எட்டாத அளவுக்கு நீர்த்துப்போகும். வெளியூர் லேபுக்கு என்றால் செல் உடையாமல் காக்கும் தனிக் குழாய் கேளுங்கள். அந்தக் குழாயை ஃப்ரீசரில் வைத்து உறையவிடக் கூடாது.

ரத்தத்தில் நெகட்டிவ் வந்தவருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால், அதிலேயே செல் பிளாக் (நீரில் உள்ள செல்களைத் திரட்டித் திசுத் துண்டுபோல் ஆக்குவது) செய்து பார்க்கலாம். செல்களைப் பிரிக்க நீரை இயந்திரத்தில் சுழற்றியபின் மேலே நிற்கும் தெளிநீரிலும் கட்டியின் டிஎன்ஏ உண்டு, கொட்டிவிட வேண்டாம். நீர் இல்லையென்றால் ஈபஸ் (மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்டில் பார்த்து) ஊசியால் மாதிரி எடுக்கலாம். புற்றுநோய் ஏற்கெனவே திசுவில் உறுதியானவருக்கு ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால் மட்டும், அதை வைத்தே அந்த மாத்திரையைத் தொடங்கலாம்.