தீர்த்தவாரி நேரத்துக்கு அம்மாவை அழைத்துப் போகாதீர்கள்

2028இல் கும்பகோணத்தில், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குளத்தில் நீராடும் மகாமகம் வருகிறது. பினாங்கில் எங்கள் வட்டாரத்தில் இப்போதே அதற்கு மாதாமாதம் பணம் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லது, போய் வரட்டும். ஆனால் எழுபதைத் தாண்டிய பெற்றோரை மாசி மகத்தன்று, அதுவும் சாமிக்கு நீராட்டு நடக்கும் தீர்த்தவாரி நேரத்திலேயே குளத்தில் இறக்கியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

2025 பிரயாக்ராஜ் கும்பமேளாவைப் பார்த்த பிறகுமா இந்தப் பிடிவாதம்? ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை, ஒன்றரை மாதம் நடந்த மேளா அது. அத்தனை நாள் இருந்தும் மௌனி அமாவாசைக்கு, அதாவது நம் தை அமாவாசைக்கு, விடியும் முன்பே நதிகள் கூடும் சங்கமத்தில் இறங்கிவிட வேண்டும் என்று எல்லாரும் ஒரே கரையில் நெருங்கினார்கள். அரசு அறிவித்த கணக்குப்படியே 30 பேர் இறந்தார்கள். பதினேழே நாள் கழித்து, மேளாவுக்கு ரயில் ஏற வந்த கூட்டத்தில் சிக்கி புது டெல்லி ரயில் நிலையத்தில் 18 பேர். 1954இலும் இதே ஊர், இதே மௌனி அமாவாசை, நூற்றுக்கணக்கில் பிணங்கள். கங்கை யாரையும் கொல்லவில்லை, கடிகாரம்தான் கொன்றது.

2025 மேளா ‘144 ஆண்டுகளுக்கு ஒருமுறை’ வருவது என்ற விளம்பரம் வேறு. இங்கேயும் அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுப் பயணத் திட்டம் விற்றார்கள். 2013இல் அதே ஊரில் நடந்ததையும் பலர் மகா கும்பமேளா என்றுதான் அழைத்தார்கள். கும்பமேளா நாளைக் கணிக்க உதவும் குரு, அதாவது வியாழன் கோள், ஒரு சுற்று முடிக்க 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 2010க்குப் பிறகு ஹரித்வார் கும்பமேளா 2021லேயே வந்தது. வானம் இப்படி நெகிழ்ந்து கொடுக்கும்போது விற்பனையாளர் மட்டும் நிமிடக் கணக்குப் பேசுகிறார்.

கும்பகோணத்துக்கும் இந்த வடு உண்டு. 1992 மகாமகத்தில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா நீராட வந்திருந்த வேளையில் ஏற்பட்ட நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் மாண்டார்கள். மகாமகக் குளம் சுமார் ஆறு ஏக்கர்தான். அதற்குள் இருபது தீர்த்தக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் தலை நனைக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்தால் என்ன ஆகும்? 2016இல் விழா நடந்த பத்து நாளும் மக்கள் வந்து குளித்துப் போனார்கள், அப்படியொரு பேரழிவு நேரவில்லை. கூட்டம் நாள்கணக்கில் பரவியதுதான் பெரிய காவல் என்பது என் கணிப்பு.

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாததா? முதல் நாள் வெள்ளிரதத்தோடு நடப்பவர் உண்டு, நள்ளிரவில் காவடி எடுப்பவர் உண்டு, கூட்டம் வடிந்த பிறகு பேரப்பிள்ளையோடு நிதானமாகப் படியேறுபவரும் உண்டு. தாமதமாக வந்தவருக்கு முருகன் அருளைக் குறைத்துக் கொடுப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே முகவரிடம் ஹோட்டல் எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதை விடுங்கள். வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து அம்மா எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், வழியில் கழிப்பறை உண்டா, முதல் சில நாள்களுக்குள்ளேயே நீராட்டி அழைத்து வந்துவிடுவாரா என்று கேளுங்கள். பிரயாக்ராஜில் வண்டிகளை வெகுதொலைவிலேயே நிறுத்திவிட்டதால் மைல்கணக்கில் நடந்தவர்களில் முதியவர்களும் இருந்தார்கள். “எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அக்கா” என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இல்லை, மகத்தன்றே தீர்த்தமாட வேண்டும் என்று அம்மா அடம்பிடிக்கிறார் என்றால் பினாங்கிலேயே தெலுக் பஹாங் கடற்கரை இருக்கிறது. அங்கே சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் மாசி மகம் கடலிலேயே நடக்கிறது. மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். வழியில் உள்ள பத்து ஃபெரிங்கி சாலை நெரிசல் எந்தப் புண்ணியத்துக்கும் அசையாது.