படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?

ஒரே ஒரு போட்டோங்க. இருபத்து நாலு மணி நேரம் ஸ்டேட்டஸில் இருந்துவிட்டுத் தானாகவே மறைந்து போகிற போட்டோ. நாலு பேர் ஒரு பாலத்தின் மேல் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறோம், அவ்வளவுதான். போட்டது போன நவம்பரில். இப்போது ஆவணி. அம்மானுக்குச் சாந்தி (அறுபது, எழுபது நிறைந்தால் எங்கள் பக்கம் நடத்துகிற கல்யாணம்) என்று ஊருக்கு வந்தால், இன்னும் அதற்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காரைக்குடியில் எந்த வீட்டு முகப்பில் கால் வைத்தாலும் "எப்பத்தா வந்தே, சாப்பிட்டியா" எல்லாம் இரண்டாவதுதான். முதல் கேள்வி: "என்னத்தா, படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?" கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு. ஒருத்தர் கேட்டால் கிண்டல். முகூர்த்த வீட்டில் வரிசையாகப் பந்தி முழுக்கக் கேட்டால் அது விசாரணை.

நடந்தது இதுதான். அயித்தை அந்த ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார். அது தேவகோட்டை, பள்ளத்தூர், சென்னை அண்ணா நகர் என்று ஒரு ரவுண்டு போய்விட்டுக் கடைசியில் எங்கள் ஆத்தாவின், அதாவது அம்மாவின், போனுக்கே வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "புள்ள ஜெர்மனியிலதானே இருக்கா? இது வேற நாடாம்ல?" அந்த 'வேற நாடாம்ல'வைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். தங்கம் கடத்தினவளைப் பற்றிப் பேசுகிற குரல்.

ஆமாம், வேற நாடுதான். செக் குடியரசு. நான் இருக்கிற டிரெஸ்டனிலிருந்து பிராகா நகரம் நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இறக்கிவிடுவான். இங்கே காரைக்குடியில் ஏறி மதுரை மாட்டுத்தாவணியில் இறங்குவதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகிறது. 2007 டிசம்பரிலிருந்து அந்த நாடும் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. என்னிடம் இருக்கிற ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் போதும், 180 நாளில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய் வரலாம். சட்டம் தருகிற உரிமை அது. அதற்குமேல் குடும்ப குரூப்பின் என்ஓசியும் வேண்டும் என்று எந்தத் தூதரகத்திலும் சொல்லவில்லை.

அடுத்து, "ஆறு மாசமா பிளான் போட்டியாக்கும்?" பிளானாம் பிளான்! வெள்ளிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலின் பொதுச் சமையலறையில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. கோட்டயத்துக்காரி ஒருத்தி, திருநெல்வேலிக்காரன் ஒருத்தன், கொலம்பியாவிலிருந்து வந்த ஒருத்தி, நான். சனிக்கிழமை லேப் ரத்து என்று மெயில் வந்தது. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் டிக்கெட் போட்டாகிவிட்டது. அவ்வளவுதான் திட்டம்.

ஜெர்மனியில் நவம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று இந்தப் பந்தியில் யாருக்காவது தெரியுமா? சாயங்காலம் நாலரைக்கெல்லாம் கும்மிருட்டு. ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கடை திறந்திருக்காது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல் போட்ட அறைக்குள் வாரம் முழுக்க லேப் ரிப்போர்ட் எழுதிவிட்டு, சனி ஞாயிறும் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் புத்தி பேதலித்துவிடும். இதை ஆத்தாவிடம் போனில் சொன்னால் அவர் பயப்படுவார். அதனால் சொல்வதில்லை. ஸ்டேட்டஸில் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோவைத்தான் போடுவோம். அதற்கும் இந்தப் பாடு.

பிறகு காசு. "அப்பச்சி கடன் வாங்கி அனுப்புறாரு, இவ அங்க டூர் அடிக்கிறா." அப்பச்சி என்றால் என் அப்பா. இதைச் சொன்னவர் எங்களுக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. கடன் கேட்டு அலைந்தபோது இவர் எந்த ஊரில் இருந்தார் என்றே தெரியாது. பெரிய வீடு இருக்கிறதே என்பார்கள். பெரிய வீட்டில் எங்களுக்கு இருப்பது பங்கு. இத்தனை புள்ளிக்கு, அதாவது இத்தனை பங்காளிக் குடும்பத்துக்கு, சொந்தமான வீட்டை எந்த பேங்க்காரன் அடமானமாக எடுப்பான்? கடைசியில் அப்பச்சி சேர்த்து வாங்கிய சின்ன மனையின் பத்திரம்தான் போனது. அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் விடமாட்டேன் என்கிறீர்கள்.

இந்தக் கடன் காசு எப்படிச் செலவாகிறது என்றாவது தெரிந்துகொண்டு பேசலாம். விசாவுக்கே வருஷத்துக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். அதை மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோதான் வெளியே வரும். வாடகை, மருத்துவ இன்சூரன்ஸ், சாப்பாடு, செமஸ்டர் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். எங்களை மாதிரி மாணவர்கள் வேலை பார்க்கவும் வரம்பு உண்டு, வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். நான் ஒரு கேன்டீனில் தட்டு கழுவுகிறேன். ஆமாம், தட்டு கழுவுகிறேன். இதையும் குரூப்பில் போடுங்கள்.

பிராகா போன காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? பாட்டிலிலிருந்து. ஜெர்மனியில் தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் டின் வாங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் டெபாசிட் பிடித்துக்கொள்வான். காலியைத் திருப்பிக் கொடுத்தால் அது நமக்கு. ஹாஸ்டலில் பார்ட்டி முடிந்தால் மற்றவர்கள் தூங்கப் போவார்கள். நாங்கள் இரண்டு பேர் நீலநிற இக்கியா பை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுவோம். பிறகு சூப்பர் மார்க்கெட்டில் அந்த மெஷின் முன்னால் நின்று ஒவ்வொரு பாட்டிலாக வாய்க்குள் தள்ள வேண்டும். நசுங்கியிருந்தால் துப்பிவிடும். எடுத்து, ஊதி நிமிர்த்தி, மறுபடி தள்ளு. பின்னால் வரிசையில் நிற்கிற கிழவர் உச்சுக்கொட்டுவார். கடைசியில் பச்சை பட்டனை அமுக்கினால் ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டுகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் போக வர பஸ் கட்டணம், பன்னிரண்டு பேர் படுக்கிற ரூமில் ஒரு ராத்திரிக் கட்டில். சாப்பாடு? திருநெல்வேலிக்காரன் விடியற்காலையில் எழுந்து சப்பாத்தி சுட்டு ஃபாயிலில் சுற்றிக்கொண்டு வந்தான். அதைத்தான் இரண்டு வேளை தின்றோம்.

ஆங்! அந்தத் திருநெல்வேலிக்காரன். இத்தனை நேரம் நாடு, காசு, படிப்பு என்று சுற்றி வளைத்தார்கள் இல்லையா, எல்லாம் அவனுக்காகத்தான். போட்டோவை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஓரத்துல நிக்கிறது யாருத்தா?" என்ன ஊர், என்ன வீடு, எத்தனை பேர் கூடப் பிறந்தது? நாலு பேர் நிற்கிற படத்தில் மற்ற இரண்டு பெண்களை ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை.

அதே அயித்தையின் மகன் பெங்களூரில் இருக்கிறான். ஒரு வாரம் கோவா, ஒரு வாரம் கூர்க். அவன் ஸ்டேட்டஸில் வராத கடற்கரை இல்லை. குரூப்பில் அதற்கு வருவதெல்லாம் ஹார்ட்டும் கைகூப்பலும்தான். "வேலை டென்ஷன்ல இருக்கான், நல்லா சுத்தட்டும்." அவனுக்கு டென்ஷன், எனக்குத் திமிரா?

ஊருக்கு வருகிறேன். இப்போது கானாடுகாத்தான் பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் கேமராவும் தொப்பியுமாக வந்து இறங்குகிறார்கள். பழைய வீடுகள் பல ஹோட்டலாகிவிட்டன. ஆத்தங்குடியில் டிக்கெட் எடுத்து உள்ளே போய் வீட்டைப் பார்க்கிறார்கள், தரைக்கு டைல்ஸ் கல் செய்கிற கொட்டகையில் குந்தி உட்கார்ந்து வீடியோ எடுக்கிறார்கள். இரண்டு நாள், மூன்று நாள், அவ்வளவுதான் அவர்கள் பயணமும். அவர்களைப் பார்த்து இதே சொந்தங்கள் என்ன சொல்கிறார்கள்? "பாருத்தா, நம்ம வீட்டு நிலைக்கதவைப் பாக்க எங்கேயிருந்து வந்திருக்கான்! ரசனை உள்ளவன்!" உள்ளே கூட்டிப்போய், வளவை, அந்த உள்முற்றத்தைக் காட்டி, மோர் கொடுத்து, போட்டோவுக்கு நிற்கிறார்கள். அவன் நம் கதவைப் பார்க்க வந்தால் ரசனை. நான் அவன் ஊர்ப் பாலத்தைப் பார்க்கப் போனால் ஊர் சுத்துறது. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் வருகிறது என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

அதுவும் யார் சொல்கிறார்கள்? வீட்டுத் தூண் பர்மா தேக்கு, தளம் இத்தாலி மார்பிள், தொங்குகிற விளக்கு பெல்ஜியம். கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ணப் போகிறேன் என்று நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கும் ரங்கூனும் போய் மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பியவர்களின் பேரன் பேத்திகள். சாந்தி வீட்டில் அன்று காலைப் பலகாரமே ரங்கூன் புட்டு. அதைத் தின்றுகொண்டே என்னிடம், "பொம்பளப்புள்ளைக்கு நாடு விட்டு நாடு எதுக்கு?" பந்தி முடிந்து சீர்ப் பலகாரம் போட பரணிலிருந்து இனாமல் தூக்குகளை இறக்கினார்கள். நீலக் கரை போட்ட வெள்ளைத் தூக்கு, விளிம்பில் இனாமல் பெயர்ந்து கறுப்பாகத் தெரிந்தது. கழுவிக் கவிழ்த்தபோது அடியில் பார்த்தேன். தேய்ந்த எழுத்தில் மேட் இன் செக்கோஸ்லோவாகியா. செக்கும் ஸ்லோவாகியாவும் பிரிவதற்கு முன்னால் இருந்த பெயர். அங்கிருந்து சட்டி வரலாம், அங்கே நான் போகக் கூடாது. தூக்கை எடுத்து அயித்தை முகத்துக்கு நேரே காட்டினேன். "அதெல்லாம் அந்தக் காலத்து உருப்படி, ஜாக்கிரதை, கீழ போட்டுடாதே" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

சம்பாதிக்கப் போனால் பெருமை, பார்க்கப் போனால் பாவம், அப்படித்தானே? கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் லண்டனுக்கு பாரிஸ்டர் படிக்கப் போனார். போன இடத்தில் சும்மா இருந்தாரா? குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு பைலட் சான்றிதழ் வாங்கினார். அவருடைய ஆச்சிமார்கள் யாராவது, "சட்டம் படிக்கப் போனியா, பிளேன் ஓட்டப் போனியா?" என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தாலும் அவர் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டார். அவர் கொடுத்த நிலத்தில்தான் இந்த ஊரில் கல்லூரியும் மின்வேதியியல் ஆய்வகமும் நிற்கின்றன. சிலைக்கு மாலை போட மட்டும் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது எல்லையில் பஸ்ஸை நிறுத்தி ஜெர்மன் போலீஸ் ஏறியது. 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை உண்டு. முன் சீட்டுக்காரர்களின் அட்டையைப் பார்த்த வேகமும் எங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த வேகமும் ஒன்றில்லை. எங்கள் பைகளை மட்டும் திறந்தார்கள். மிச்சமிருந்த சப்பாத்தியை முகர்ந்து பார்த்தார்கள். இதைப் பற்றி ஊரில் ஒருத்தராவது கேட்டார்களா? பயந்தியா, என்ன சொன்னார்கள், தனியாக இருந்தாயா? இல்லை. அங்கேயும் என்னை நிறுத்தி "எங்கே போனாய்" என்று கேட்கிறான், இங்கேயும் அதே கேள்விதான். அவனாவது சீருடை போட்டிருந்தான், இரண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டான்.

கேட்க வேண்டியதைக் கேட்டது அப்பத்தா மட்டும்தான். இரண்டாங்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, போட்டோவை வாங்கிப் பார்த்தார். பையனை விட்டுவிட்டார். "இம்புட்டுத் தண்ணி ஓடுதே, வருஷம் பூரா ஓடுமா?" ஓடும் அப்பத்தா, வுல்தாவா ஆறு என்றேன். பாலம் 1357இல் கட்டத் தொடங்கியது, அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், முழுக்கக் கல் என்றேன். "கல்லுப் பாலமா! ஆத்துக்கு நடுவுல எப்படி நிறுத்துனானாம்?" எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எண்பது தாண்டியவருக்கு இருக்கிற ஆர்வத்தில் கால்வாசி இருந்தால் போதும், மற்றவர்களுக்கு நான் பதில் சொல்ல அலுத்துக்கொள்ளவே மாட்டேன்.

இப்போது கடைசியாகக் கணக்கு கேட்கிறார்கள். வேடிக்கைக்கு இல்லை, நிஜமாகவே. "மொத்தம் எம்புட்டு ஆச்சு?" என்று நேற்று இரவு குரூப்பிலேயே ஒரு கேள்வி, கீழே மூன்று பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். கணக்குதானே? தருகிறேன். பாட்டில் சீட்டிலிருந்து கழிவறைக்குக் கொடுத்த செக் சில்லறை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மூத்தவர்களுக்கு முதல் மரியாதை. அயித்தை மகன் என்னைவிட மூன்று வயது பெரியவன். அவனுடைய கோவா கணக்கு முதலில் குரூப்பில் வரட்டும், ஹோட்டல் பில், பார் பில் எல்லாம் சேர்த்து. அது வந்த அஞ்சாவது நிமிஷம் என்னுடையதைப் போடுகிறேன்.