25 ஆழாக்கு அரிசி

அக்கா மகள் படிக்கிற பள்ளியின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமின் நிறைவு விழா. நடுவில் சால்வை போர்த்திய பெரியவர்கள் பதினொரு பேர், எண்ணிப் பார்த்தேன். அவர்களுக்கும் பின்னால் கட்டிய ஃப்ளெக்ஸுக்கும் நடுவே கிடைத்த சந்தில் பிள்ளைகளின் தலைகள். முன்னால் நாலு பேர் ஆளுக்கொரு விளக்குமாற்றோடு குத்தவைத்திருந்தார்கள். அதில் ஒன்றுக்குப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

அவளிடம் கேட்டேன். "ஏழு நாளும் என்னம்மா செஞ்சீங்க?"

"உட்கார்ந்திருந்தோம் மாமா."

காலையில் யோகா. அப்புறம் கோயில் வாசலில் அரை மணி நேரம் கூட்டுவது, போட்டோ. அதன்பின் சாயங்காலம் வரைக்கும் சிறப்புரை. சாலைப் பாதுகாப்பு, நெகிழி ஒழிப்பு, ஐந்தாம் நாள் 'தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது எப்படி'. அது மட்டும் ஒன்றரை மணி நேரமாம். "நன்றியுரை நான்தான் மாமா படிச்சேன். மிஸ் எழுதிக் குடுத்தாங்க" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் இரண்டு நாளாக என் மண்டைக்குள் ஓடுகிறது. நன்றி சொல்லக்கூடவா அந்தப் பிள்ளைக்குச் சொந்த வார்த்தை இருக்காது?

1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்த திட்டம் இது. பிறகுதான் மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்தது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். காகிதத்தில் இன்றைக்கும் அருமையான திட்டம். நம்மூரில் முகாம் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையில் நடக்கும்.

நானும் போயிருக்கிறேன். 1996, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம், நாங்கள் 25 பேர். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துவாரியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது, அதை வெட்டுவதுதான் வேலை. எங்கள் திட்ட அலுவலர் வேதியியல் வாத்தியார், அதிகம் பேசாத மனிதர். முதல் நாளே சாமான் அறைச் சாவியையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் என் கையில் கொடுத்து, "சாப்பாடு உன் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான் அவருடைய தலைமைப் பண்பு வகுப்பு.

நான் கணக்கில் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. வீட்டில் அம்மா ஆளுக்கு ஓர் ஆழாக்கு போடுவதைப் பார்த்திருக்கிறேன். எட்டு ஆழாக்கு ஒரு படி. 25 பேருக்கு 25 ஆழாக்கு, அதாவது மூன்று படியும் ஓர் ஆழாக்கும். தலையைத் தட்டி அளந்து கொடுத்தேன். நாள் முழுக்க அரிவாளும் கடப்பாரையும் பிடித்தவன் ராத்திரி எவ்வளவு தின்பான் என்பது என் கணக்கில் இல்லை. பதினாறாவது ஆளோடு பானை காலி. ஒன்பது பேர் தட்டோடு நிற்கிறார்கள். வாத்தியாரும் தட்டோடுதான் நிற்கிறார்.

ஓடிப்போய் அவரிடம் "சார்..." என்றேன். "சாவி யார்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அழுகை வந்துவிட்டது. பிறகு ஒரு ஈயச் சட்டியை எடுத்துக்கொண்டு, அதுவரை பேசிப் பழகாத தெருவில், முதல் வீட்டு வாசலில் போய் நின்றேன். வாயே வரவில்லை. உள்ளே இருந்த அம்மா என் சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது பத்தாது" என்று தன்னுடைய பித்தளைக் குண்டானை எடுத்து அதில் இருந்த சோற்றைப் போட்டார். அப்புறம் அவரே நாலு வீட்டுக்குக் குரல் கொடுத்தார். மறுநாள் காலை அந்தத் தெருவிலிருந்து பத்துப் பேர் மண்வெட்டியோடு வரத்துவாரிக்கு வந்தார்கள். அதற்கு முதல் நாள் தண்டோரா போட்டும் ஒருத்தரும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தப்பு நடக்க இடம் கொடுக்காத எந்த வேலையிலும் பிள்ளைகள் பொறுப்பைக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். உறை பிரிக்காத விளக்குமாற்றில் என்ன தப்பு நடந்துவிடும்?

ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். முள் குத்தினால், பாம்பு கடித்தால் மெமோ வாங்கப்போவது அவர்தான். பெற்றோர் என்று நாம் இருக்கிறோமே, பையன் கை கறுத்துப்போனால் பள்ளி வாசலில் போய்ச் சத்தம் போடுகிறவர்கள். பயந்துபோன ஆசிரியருக்கு ஃப்ளெக்ஸ்தான் பத்திரமான வழி.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சேவை என்ற பேரில் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கக்கூஸ் கழுவ விட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அது சேவை இல்லை, குற்றம். அதேபோல, முகாமில் 'அணித் தலைவர்' என்றால் பையன், பரிமாறுவதும் கோலம் போடுவதும் பெண் பிள்ளைகள் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. என் காலத்தில் இருந்தது. அக்கா மகள் சொல்வதைப் பார்த்தால் இப்போதும் இருக்கிறது.

இத்தனைக்கும் எங்கள் புதுக்கோட்டை, எழுத்தறிவுக்காக அறிவொளி இயக்கம் நடந்த மாவட்டம். 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது ஊர் ஊராக வகுப்பு நடந்தது, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் அக்கா, அதாவது இவளுடைய அம்மா, அரிக்கேன் விளக்கு வைத்துத் தெருவில் பன்னிரண்டு பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பைசா சம்பளம் கிடையாது. தன் வயதைப் போல் மூன்று மடங்கு வயதுள்ளவர்களை, "பெரியம்மா, சிலேட்டைத் திருப்பிப் பிடிங்க" என்று அதட்டுவாள். அந்த அக்காவின் மகளுக்கு நன்றியுரை எழுதிக் கொடுக்கிறார்கள்!

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. எங்கள் பக்கம் தென்னையெல்லாம் படுத்துவிட்டது, பல நாள் கரண்ட் இல்லை. நிவாரண லாரிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், உள் தெருவுக்கு ஒன்றும் வராது. அப்போது பிளஸ் ஒன் படிக்கிற நாலு பிள்ளைகள், இரண்டு பையன் இரண்டு பெண், பள்ளி நோட்டில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள்: யார் வீட்டில் ஓடு போனது, எங்கே கைக்குழந்தை, எங்கே தனியாகக் கிழவி. தார்ப்பாய் வந்ததும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் மச்சானுக்கு இரண்டு கேட்டபோது, அந்தப் பெண்களில் ஒருத்தி "உங்க மச்சான் வீடு காங்கிரீட் போட்ட மெத்தை வீடுங்க ஐயா" என்றாள். கூட்டம் கப்சிப். அவள் எந்தச் சிறப்புரையும் கேட்டவள் இல்லை.

பிளஸ் ஒன்னுக்கு 2017-18இல் வந்த பொதுத்தேர்வை எடுத்துவிடுவதாக 2025இல் அறிவித்துவிட்டார்கள். அந்த ஒரு வருடம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடமிருக்கிறது. அதையும் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே நடத்தி நிரப்பத்தான் போகிறார்கள், தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்: அடுத்த முகாமில் சிறப்புரைகளைப் பாதியாகக் குறையுங்கள். சாமான் அறைச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வரவு செலவை அவர்களே எழுதி ஊர் முன்னால் வாசிக்கட்டும்.

அரிசிக் கதையை அக்கா மகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கேட்டாள்.

"அந்தக் குண்டானைத் திருப்பிக் குடுத்தியா மாமா?"

கொடுத்தேன். புளி போட்டுத் தேய்த்து, மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா அதில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டு, "ராத்திரிக்கு வச்சுக்க" என்று திரும்ப என்னிடமே நீட்டினார்.