அச்சு தராத முகம்

பொம்மைகளில் பெண் உருவம் பற்றி நான் படித்த கட்டுரை, ஜெர்மன் கலைஞர் ஹான்ஸ் பெல்மர் 1930களில் செய்த பெண் பொம்மையைப் பெண்ணுடல் மீதான வன்முறை என்பதோடு நிறுத்திவிட்டது. நாஜிகள் கொண்டாடிய குறையற்ற உடலுக்கு எதிர்ப்பு என்றும் அதைப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனாலும் கழற்றி மாற்றிக் கோத்த அந்தக் கால்களைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. 1992இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் மருத்துவப் பொம்மைகளின் உறுப்புகளை வைத்து எடுத்த படங்கள் வேறு. அங்கே கூசிப்போவது பார்க்கிறவர்தான்.

எங்கள் பண்ருட்டியில் கொலு பொம்மைக்கு முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாக அச்சில் எடுத்து ஒட்டுவோம். விலாவில் தெரியும் ஒட்டுத் தடத்தை என் அத்தை ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து மறைப்பார். கடைசியில்தான் கண் எழுதுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பு. மார்பும் இடுப்பும் அச்சு தந்தவை; அந்தப் பார்வை அத்தை தந்தது. பொம்மையில் பெண் உருவம் என்று எழுதும்போது இந்தக் கைகளையும் எழுதுங்கள்.