பிறகு பாக்கலாமாம், பிறகு!

"இப்ப என்ன அவசரம் சித்தப்பா? பிறகு பாக்கலாம்தானே. அது எங்க ஓடப் போகுது?"

நேற்று இரவு 9 மணி 4 நிமிடத்துக்கு என் பெறாமகன் சொன்ன வசனம் இது. சொல்லிக்கொண்டே ரிமோட்டை அமுக்கி ரீவியை நிப்பாட்டினான். நத்தார் இரவு, என் வீடு, என் ரீவி, ஐந்து வருடமாக நான் காத்திருந்த நாடகம். இன்று மறுநாள், பொக்சிங் டே, மத்தியானமும் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

பிபிசியின் நகைச்சுவைத் தொடர் 'கவின் அண்ட் ஸ்டேசி' என்றால் என்ன என்று இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2019 நத்தார் இரவு அதில் வரும் நெஸ்ஸா முழங்காலில் நின்று ஸ்மிதியிடம் தன்னைக் கட்டுவாயா என்று கேட்டாள். அந்த இடத்தில் முடித்துவிட்டுப் போனவர்கள்தான். அவன் என்ன பதில் சொன்னான் என்று தெரிய 2024 நத்தார்வரை இருக்க வேண்டி வந்தது. நடுவில் கொரோனா வந்து போனது, அம்மா போய்விட்டா, என் தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்தப் பதில் மட்டும் வரவில்லை. அதனால்தான் டிசம்பர் தொடக்கத்திலேயே, ரீவி நிகழ்ச்சி நேரங்கள் போடும் ரேடியோ டைம்ஸ் புத்தகத்தின் நத்தார் இதழை வாங்கி, 25ஆம் திகதிப் பக்கத்தில் இரவு 9 மணிக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். வந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அந்தக் கதவைத் திறந்துதான் எல்லோரும் சோடா எடுத்தார்கள்.

எட்டே முக்காலுக்கு நான் செற்றியில் என் இடத்தில் இருந்துவிட்டேன். பதினான்கு பேர் வீட்டில். மச்சாள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தா. பற்றிஸ் தட்டு நடுவில் இருந்தது. 9 மணிக்குத் தொடங்கியது. நான்கு நிமிடம். நான்கே நிமிடம் பார்த்தோம். பெறாமகனின் மனைவி பிள்ளையைத் தூங்க வைக்க மேலே போகிறாளாம், அவள் வரும்வரை நிப்பாட்டி வைக்கலாமாம். ஒரு நடிகையின் முகம், கண் பாதி மூடி, வாய் பாதி திறந்தபடி திரையில் அப்படியே நின்றது. ஏழு நிமிடம் அந்தப் பாதி மூடிய கண்ணைப் பார்த்துக்கொண்டு பதினொரு பேர் இருந்தோம். இருந்தோம் என்றும் சொல்ல முடியாது. முதல் நிமிடம் முடிய முன்னரே ஆளுக்கொரு போனை எடுத்தாயிற்று. மச்சானுக்கு கிரிக்கெட். பெரியவளுக்கு யாரோ போட்ட சேலைப் படம். ஒருவன் காதில் குமிழைச் செருகிவிட்டான்.

9.11க்குத் திரும்பத் தொடங்கியது. 9.16க்குக் கனடாவில் இருந்து தங்கச்சி வீடியோ கோல். நான் "அரை மணித்தியாலம் கழிச்சு எடு பிள்ளை" என்று சொல்ல வாய் திறக்க முன்னர் ரிமோட் மறுபடி அமுக்கப்பட்டுவிட்டது. "எல்லாரும் கை காட்டுங்கோ." காட்டினோம். அங்கே பின்னேரம் நான்கு மணி, அவர்கள் சாப்பிடக்கூட இல்லை. அங்கே என்ன குளிர், இங்கே என்ன மழை என்று பதின்மூன்று நிமிடம். அதற்குப் பிறகு, "இவன் யார்? இவளுக்கு இவன் என்ன முறை?" என்று பெறாமகனின் மனைவி கேட்டாள். அவளில் பிழை இல்லை, அவள் முன்னர் பார்த்ததில்லை. அவன் வாயால் விளக்கியிருக்கலாம். அதைச் செய்யாமல் பின்னால் ஓட்டிக் காட்டினான். நான் பார்த்து முடித்த காட்சியை இரண்டாம் முறை பார்த்தேன். ஓட்டியது கூடிவிட்டது என்று முன்னால் தள்ளினான், அது இன்னும் வராத காட்சிக்குப் போய் ஒரு கலியாண உடுப்பைக் காட்டிவிட்டுத் திரும்பியது. மணிக்கூடு 10 ஆகியபோது நாங்கள் நின்ற இடம் 9.30ஐத் தாண்டவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சிரிப்புக் கேட்டது.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் எங்கள் மண்டபச் சுவருக்கு அந்தப் பக்கம் ரீவி வைத்திருக்கிறார்கள். பேசுவது விளங்காது, சிரித்தால் கேட்கும். பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்து நிறைந்திருந்த வீடு, ஒரே குரலில் வெடித்துச் சிரித்தது. நாங்கள் எதற்கும் சிரிக்கவில்லை. எங்கள் திரையில் யாரோ ஒருவர் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்த இடத்துக்கு நாங்கள் போக இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது எனக்கு வந்த கோபம் என்னவென்று இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1986 ஒக்டோபரில். அந்த நத்தாருக்கு ஒரு வீட்டில் எட்டுப் பெடியன்கள். ரயில் இல்லை, பஸ் இல்லை, கடை இல்லை. வெளியே போனால் நாய்கூட இல்லை. ஒரு பழைய வாடகை ரீவி. இரவு பத்து மணிக்கு பிபிசியின் தொடர்நாடகம் 'ஈஸ்ட்என்டர்ஸ்'. எனக்கு அவர்கள் பேசிய இங்கிலிசில் பாதி விளங்கவில்லை. ஆனால் மதுக்கடைக்கார டென் தன் மனைவி ஏஞ்சியிடம் ஒரு கடிதத்தை நீட்டியதும், அது விவாகரத்துக் கடிதம் என்றதும் எட்டுப் பேருக்கும் விளங்கியது. அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பெண் "ஓ!" என்று கத்தினாள். நாங்களும் அதே விநாடியில் ஏதோ சத்தம் போட்டோம். அவளை அதற்கு முதல் நான் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை.

27ஆம் திகதி பெற்றோல் செட்டில் வேலை. இரண்டு மாதமாக என்னோடு "பத்துப் பவுண்", "நன்றி" தவிர ஒரு சொல் பேசாத வாடிக்கையாளர்கள், அன்றைக்குக் காசைக் கொடுத்துவிட்டு நின்று "பார்த்தாயா? அந்தப் பாவி செய்த வேலையைப் பார்த்தாயா?" என்று கேட்டார்கள். ஓம், பார்த்தேன் என்றேன். இந்த நாட்டில் நான் செய்த முதல் உரையாடல் அது. 3 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்ததாகப் பிறகு கணக்கு வந்தது. வார இறுதி மறு ஒளிபரப்பையும் சேர்த்த கணக்கு என்பார்கள். சேர்த்தால் என்ன? சனத்தொகையில் பாதிக்கு மேல் அதைப் பார்த்திருந்தது, நான் உட்பட. எனக்கு விசா நீடிப்பு வருமா என்று தெரியாத காலத்தில், அந்தக் கணக்கில் நானும் ஒருவன்.

இதைத்தான் "பிறகு பாக்கலாம்" என்று அமுக்குகிறார்கள்.

அந்தக் காலத்தில் பிறகு என்று ஒன்று இல்லை. பிந்தினால் போச்சு. அதனால் ஆட்கள் வந்து இருந்தார்கள். பிபிசி நிகழ்ச்சிக்கு ரேடியோ டைம்ஸ், தனியார் ரீவியான ஐரீவிக்கு ரீவி டைம்ஸ் என்று இரண்டு புத்தகம் வாங்க வேண்டும், 1991வரை அப்படித்தான். 1988 நத்தாருக்கு ரேடியோ டைம்ஸ் மட்டும் 1 கோடியே 12 இலட்சம் பிரதி விற்றது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேனை, ஒரு வட்டம், யாருடைய வட்டம் வெல்வது என்று ஒரு சண்டை. அந்தச் சண்டைகூட நல்ல சண்டை. நிகழ்ச்சி முடிந்ததும் ஊரே எழும்பிக் கேத்தில் போடும். அந்தக் கேத்தில்களுக்காக வேல்ஸில் மலைக்குள் இருக்கும் டினோர்விக் நீர்மின் நிலையம் ஆயத்தமாக நிற்கும், மேல் ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் சில விநாடிகளில் மின்சாரம். ஒரு நாடு ஒரே நேரத்தில் தேத்தண்ணி குடிக்க எழும்பியது! இப்போது யார் எப்போது எழும்புகிறார் என்று பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரியாது.

1996 நத்தாருக்குப் பிறகு வந்த ஞாயிறு, டிசம்பர் 29, எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது. மூத்தவள் என் மடியில், பத்து மாதம். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹோர்சஸ்' என்ற நகைச்சுவைத் தொடரில் ஒரு பழைய சட்டைப்பைக் கடிகாரம் ஏலத்துக்குப் போகிறது. விலை ஏற ஏற மச்சான் செற்றியை விட்டு எழும்பி நின்றுவிட்டார். 62 இலட்சம் பவுண் என்று முடிந்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் பிள்ளை வீரிட்டு அழுதது. நிப்பாட்ட ஒருவராலும் முடியாது, ஏனென்றால் நிப்பாட்ட ஒன்றும் இல்லை. அழுத பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பார்த்தேன். 2 கோடியே 43 இலட்சம் பேர் பார்த்தார்கள் அன்று. எத்தனை பேர் மடியில் எத்தனை பிள்ளை அழுததோ, ஒருவரும் நிகழ்ச்சியை மறித்து வைக்கவில்லை.

நிகழ்ச்சிகளைப் பிறகு இணையத்தில் பார்க்க விடும் ஐபிளேயரை பிபிசி ஊருக்கெல்லாம் திறந்து விட்டது எந்த நாள் தெரியுமா? 2007 டிசம்பர் 25. நத்தார் நாளே! வேறு நாளே கிடைக்கவில்லையா? வேலைக்குப் போகிறவர்களுக்கு, இரவுப் பணி தாதிமாருக்கு, அது பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. நானே இரவு வேலை செய்தவன். ஆனால் ரயில் ஓடாத, கடை திறக்காத, எல்லோரும் ஒரே வீட்டில் ஒரே செற்றியில் இருக்கிற ஒரே இரவில் உங்களுக்கு எதற்கு அது? வருடத்தில் 364 நாள் பிறகு பாருங்கள். இந்த ஒரு நாள் இப்போது பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்று மணிக்கு மன்னர் உரையும் அப்படித்தான் போனது. அம்மாவுக்கு இங்கிலிஸ் தெரியாது, ஆனால் ஒவ்வொரு வருடமும் மூன்று மணிக்குக் கை துடைத்துக்கொண்டு வந்து மகாராணிக்கு முன்னால் இருப்பா. "மனுசி சொன்ன நேரத்துக்கு வந்திடுவா" என்பா. 1957இல் ரீவியில் தொடங்கிய வழக்கம், அந்த ஒன்றில் எனக்கு அரசகுடும்பத்தில் மதிப்பு உண்டு. நேற்று மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் ஒருவன் கார் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான், பெரிய ரீவியில். "உரை நெற்றில கிடக்கும்." கிடக்கும், கிடக்கும். எல்லாம் கிடக்கும். கிடக்கிறதை யார் பார்த்தீர்கள்?

2024இல் நான் கட்டிய ரீவி உரிமக் கட்டணம் வருடத்துக்கு 169 பவுண் 50 பென்ஸ். ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்க்கிறவர்கள் அதைக் கட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம். அந்தக் காசைக் கட்டுகிறவன் நான், நேரத்தில் பார்க்க முடியாதவனும் நான். பெறாமகன் கட்டுவதில்லை. அவன் நேரலையும் பார்ப்பதில்லை, ஐபிளேயரும் பார்ப்பதில்லை, அவன் வீட்டில் அது சரி. என் வீட்டில் ரிமோட் எப்படி அவன் கைக்குப் போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 10.37. எங்கள் திரையில் இன்னும் அரை மணித்தியாலக் கதை பாக்கி. குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஹாரோவில் இருக்கும் ஒரு சொந்தக்காரர், பெயர் வேண்டாம், ஒரு வரி போட்டார். "கடைசியில நெஸ்ஸாவைத்தான் கட்டினவன். நல்ல முடிவு." கீழே இரண்டு கைகூப்பு. எல்லாப் போனும் ஒன்றாக அதிர்ந்தன. நேற்று இரவு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்த ஒரே விஷயம் அந்த மெசேஜ்.

ஐந்து வருடம். ஒரு வரி.

அவரில் எனக்குக் கோபமே இல்லை. அவர் ஒழுங்காக 9 மணிக்கு இருந்து, ஒழுங்காகப் பார்த்து முடித்து, பார்த்த மகிழ்ச்சியில் எழுதியிருக்கிறார். நாங்களும் பார்த்திருப்போம் என்று நம்பியிருக்கிறார். பெற்றோல் செட்டில் என்னிடம் கேட்டவர்களும் அப்படி நம்பித்தான் கேட்டார்கள்.

பெறாமகன் போனைப் பார்த்துவிட்டு, "சரி, முடிவு தெரிஞ்சிட்டுது. மிச்சத்தை நாளைக்குப் பாக்கலாம் சித்தப்பா" என்று எழும்பினான். எல்லோரும் எழும்பினார்கள். கோட்டுப் போடுவது, பிள்ளையைப் போர்வையில் சுற்றுவது, கார் சாவி தேடுவது. ரீவியில் ஸ்மிதி வாய் திறந்தபடி நின்றான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள், எதற்கென்று தெரியவில்லை.

காலையில் செய்தியில் சொன்னார்கள், நேற்று இரவே 1 கோடியே 23 இலட்சம் பேர் பார்த்தார்களாம். இந்தக் காலத்தில் அது பெரிய எண்ணிக்கை, எனக்குச் சந்தோசம். ஆனால் அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. தனியாக இருந்து மிச்சத்தைப் பார்க்க இன்று காலை போட்டேன், ஐந்து நிமிடத்தில் நிப்பாட்டிவிட்டேன். சிரிப்பு வந்த இடத்தில் திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் ஒருவரும் இல்லை.

இன்னொன்று. நேற்றுப் போகும்போது மிஞ்சின ஆட்டுக்கறியை எங்கள் பெரிய எவர்சில்வர் சட்டியில் போட்டுக் கொண்டு போனார்கள். போன நத்தாருக்குக் கொண்டுபோன சட்டியே இன்னும் வரவில்லை. அது அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுவந்த சட்டி. மனைவி வாசலில் வைத்துக் கேட்டா. "பிறகு கொண்டு வாறம் சித்தி" என்றான்.

கொண்டு வா. நாளைக்கே கொண்டு வா. மூடியோடு கொண்டு வா.