ஒலியைக் கூட்டினால் தோடி போய்விடுகிறது

எம்பி3 பிளேயரில் ஒலியையும் அடுத்த பாட்டையும் ஒரே பொத்தானில் வைத்த அந்த மகானுபாவரை நான் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். லேசாகத் தட்டினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம் கூடும். இன்னொரு மாடலில் அதுவே தலைகீழ். எது எப்படி என்று பெட்டியின் மேல் ஒரு வரி கிடையாது. மலிவு விலை எம்பி3 பிளேயர் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கொடுமை நடந்திருக்கும்.

அப்பா அன்றைக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்தார். குவித்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நம் முறை வரும் வரை ராத்திரி அங்கேயே கிடக்க வேண்டும். பனி, கொசு, விடிவதற்குள் ஈரப்பதம் கொள்முதலுக்கான 17 சதவீத வரம்பைத் தாண்டிவிடுமோ என்ற பயம். அந்த இருட்டில் அவருக்கு இருக்கும் ஒரே துணை காதில் மாட்டிக்கொள்ளும் நாயனம்தான். எங்கள் ஊர்த் திருவிழாவில் யாரோ ஒரு புண்ணியவான் 90 நிமிடக் கேசட்டில் பதிவு செய்தது. ஒரு பக்கம் முழுக்கத் தோடி ராக ஆலாபனை, 45 நிமிடம். கேசட் நைந்துபோவதற்குள் அதை எம்பி3 ஆக்கி இந்தப் பிளேயரில் ஏற்றிக் கொடுத்திருந்தேன்.

அந்த ஆலாபனை அரை மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்குப் போகும். அதுவரை காந்தார ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த நாயனம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வைத் தொடப் போகும். தொடாது. இறங்கி வரும். மறுபடி போகும். அந்த இடத்துக்காகத்தான் அப்பா கேட்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி உள்ளே வந்து உறுமிக்கொண்டு நிற்கிறது. சத்தத்தைக் கூட்டலாம் என்று கூட்டல் குறியை அழுத்துகிறார். தோடி போச்சு. கடைக்காரர் கேட்காமலேயே ஏற்றிக் கொடுத்திருந்த குத்துப்பாட்டு ஒன்று காதுக்குள் அலறுகிறது. பதறிப்போய்க் கழித்தல் குறியை அழுத்துகிறார். தோடி வருகிறது, ஆனால் முதலிலிருந்து. சுருதிக்கு ஒத்து ஊதும் சத்தம், கூட்டத்தில் ஒரு குழந்தையின் அழுகை, அப்புறம்தான் முதல் சங்கதி. சரி, ஓட்டிவிடலாம் என்று அழுத்திப் பிடித்தால் பாட்டு ஓடாது. ஏனென்றால் அழுத்திப் பிடித்தால் ஒலி! அது ஏறிக்கொண்டே போய்க் காது கிழிகிறது. விரலை எடுத்துவிட்டு மறுபடி தொடுகிறார். குத்துப்பாட்டு. கழித்தல். தோடி, மறுபடியும் முதலிலிருந்து.

வரப்பு வெட்டிக் காய்த்துப்போன விரல் அது. பொத்தானோ உளுந்து அளவு. எது தட்டுவது, எது அழுத்திப் பிடிப்பது என்று அந்த விரல் இருட்டில் எப்படிக் கணக்குப் பண்ணும்? வேறு வழியில்லாமல் அந்த அரை மணி நேரத்தையும் உட்கார்ந்து மறுபடி கேட்டிருக்கிறார். நாயனம் மேல் ஷட்ஜத்தை நெருங்கும்போது ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ‘பேட்டரி லோ’ என்கிறது. நாயனத்தின் மேலேயே! கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே அறிவிப்பு. அப்புறம் ஒரேயடியாக அணைந்துவிட்டது.

காலையில் நான் டீ கொண்டுபோனபோது, “தம்பி, இத யாருக்காவது குடுத்துடு, எனக்கு வேண்டாம்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

நேராக வாங்கிய கடைக்கே போனேன். “எல்லா மாடலும் இப்படித்தான் சார் வருது, பழகிட்டா சரியாயிடும்” என்றான் அங்கே இருந்த பையன். எழுபது வயசுக்காரர் எதற்கப்பா பழக வேண்டும்? அவர் காசு கொடுத்து வாங்கியவர். அடுத்து அவன் கேட்டதுதான் இன்னும் மனசில் நிற்கிறது: “முக்கா மணி நேரம் ஒரே பாட்டா சார் கேப்பாங்க?”

கேட்பார்கள். இந்தக் கருவியைச் செய்தவர்களுக்குப் பாட்டு என்றால் நாலு நிமிடம், பிடிக்காவிட்டால் அடுத்தது. இது நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் தோடி வாசித்த ஊர்ப்பக்கம். அவர் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் பிடிக்கும். எவ்வளவு பெரிய வித்வானும் அதற்குள் சுருக்கித்தான் வாசித்தாக வேண்டும். தட்டில் இடமில்லை, அதை ஒத்துக்கொள்ளலாம். இன்றைக்கு என்ன கேடு? நகத்தளவு கார்டில் 32 ஜிபி. 128 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. அப்பாவின் தோடி மொத்தமே 43 எம்பிதான். ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் சங்கீதத்தை அடைக்க இடம் இருக்கிறது. எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று குறித்துவைக்க நாலு பைட் போதும். அந்த நாலு பைட்டைத்தான் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள்.

1979-ல் வந்த முதல் வாக்மேனுக்கு நினைவகம் என்று ஒன்றே கிடையாது. ஆனாலும் நிறுத்தினால் நாடா அந்த இடத்திலேயே நிற்கும், மறுநாள் அங்கிருந்தே பாடும். ஒலிக்குத் தனியாக நகர்த்துகிற பிடி. கண்ணை மூடிக்கொண்டு கூட்டலாம், குறைக்கலாம். ஆப்பிளின் ஐபாட் பிளேயரில் எந்தப் பதிவுக்கு வேண்டுமானாலும் ‘விட்ட இடத்தை நினைவில் வை’ என்று குறித்துவைக்க வழி இருந்தது. அந்த ஐபாட் வரிசையையே 2022-ல் நிறுத்திவிட்டார்கள். ராக்பாக்ஸ் என்று ஒரு மென்பொருள், பிளேயரில் அதன் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றிக்கொள்வது, தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுப்பது. அதுவும் விட்ட இடத்தைக் குறித்துவைக்கும். குறிப்பிட்ட சில மாடல்களில்தான் அதை ஏற்ற முடியும், எங்களுடையதில் முடியாது. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்தது, பெட்டிக்குள் போட்டு விற்கிறவர்களுக்குத் தெரியவில்லையா?

இடைவெளிக் கொடுமை தனி. ராகம், தானம், பல்லவியை மூன்று துண்டாக வெட்டியிருப்பார்கள். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு துண்டின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்கிறது. அதைக் கழித்துவிட்டு ஓட்டத் தெரிந்த பிளேயர்கள் உண்டு. இதற்குத் தெரியாது. தம்பூரா சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நொடி சுருதி அறுந்து மறுபடி ஒட்டுகிறது. சினிமாப் பாட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். சுருதியில் லயித்து உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தூக்கிவாரிப் போடும்.

பாட்டின் பெயர்? தமிழில் போட்டால் திரையில் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. மொழிப் பட்டியலில் சீனம், ரஷ்யன், அரபி எல்லாம் இருக்கிறது, தமிழ் இல்லை. தமிழ் எழுத்துரு போட்ட இன்னொரு பிளேயரையும் பார்த்தேன். அதில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. வரிசையும் பெயர்ப்படி வராது, கார்டில் எதை முதலில் ஏற்றினோமோ அதுதான் முதலில். முதல் பதிவை இறுதியில் ஏற்றினால், சாமி புறப்பாட்டில் முதலில் வாசிக்கிற மல்லாரி கடைசியில் வரும். மல்லாரி கடைசியிலா!

‘போன்லயே கேக்கலாமே’ என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். ராத்திரி முழுக்கக் களத்தில் கிடக்கிறவருக்குப் போனில் சார்ஜ் இருந்தாக வேண்டும், வீட்டுக்குப் பேச வேண்டும். இணையத்தில் கேட்டால் ஆலாபனைக்கு நடுவில் ஏதாவது விளம்பரம் வந்து கத்துகிறது. அது போதாதென்று கடன் வேண்டுமா என்று எவனாவது அழைப்பான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனை ஜிபி என்று கேட்காதீர்கள். ஒலிக்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான பதிவு ஒன்றை உங்கள் கார்டிலேயே கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். நடுவில் ஓட்டி, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். அதே இடத்திலிருந்து வரவில்லை என்றால் எழுந்து வாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். கார்டையும் நம்பாதீர்கள். 64 ஜிபி என்று வெளியே எழுதி, கணினியிலும் அப்படியே காட்டி, உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிகள் வருகின்றன. ஏற்றும்போது எல்லாம் ஏறிய மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலானவை பாடாது. அதனால் ஏற்றியதை முழுக்கத் திரும்பப் படித்துச் சோதியுங்கள்.

அதுசரி, அப்பாவுக்கு இந்தப் பெட்டி எதற்கு வேண்டியிருந்தது? எங்கள் ஊர்க் கோயிலில் சாயங்காலச் சாயரட்சை பூஜைக்கு நாயனம் வாசித்துக்கொண்டிருந்தவரை அனுப்பிவிட்டார்கள். நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டை எங்களுக்குக் கூப்பிடு தூரம், அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. கோயிலுக்குள் வாசிக்கத்தான் ஆள் கிடையாது. மோட்டார் வைத்த மேளப் பெட்டி ஒன்றை வாங்கி மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் சேகண்டியும் சேர்ந்து டங்கு டங்கென்று இடிக்கும். தாளம் கிடையாது, காலம் கிடையாது, பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாது. அதன் மேல் உபயதாரர்கள் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கிறார்கள். நாயனக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஆள் தேடியபோது இதில் ஒருத்தர்கூட வரவில்லை.